சக்கரம் கோணினால் பணமும் போகும், பாதுகாப்பும் போகும்!

மாசிக் கொடை வந்துவிட்டால் மண்டைக்காட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

பகவதி அம்மனைத் தரிசிக்கத் திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து கார்கள் வருகின்றன. களியக்காவிளை, மார்த்தாண்டம், அழகியமண்டபம், திங்கள்நகர் என்று ஊர் ஊராகத் தாண்டி வருகின்றன. நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் வருகின்றன. இருமுடி ஏந்திய பெண்கள், மடியில் குழந்தை, டிக்கியில் பொங்கல் பானை, அரிசி, விறகு. ஐந்து பேர் போகிற காரில் ஏழு பேர்!

டிரைவரின் பெயரைக் கேட்கிறார்கள். வாடகையைப் பேசுகிறார்கள். ஏ.சி. உண்டா என்று கேட்கிறார்கள். ஆனால் குனிந்து முன் சக்கரத்தைப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பார்த்தால் சில கார்களில் ஒரு வேடிக்கை தெரியும். டயரின் வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்கும். உள்பக்கம் மொட்டை! பட்டன் இருந்த அடையாளமே இருக்காது. நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நல்ல டயர். தரையில் ஓடும்போது அது பாதி டயர்.

இதற்குக் காரணம் டயர் கம்பெனி அல்ல. சக்கரம் நேராக நிற்கவில்லை. "வீல் அலைன்மென்ட்" போய்விட்டது.

செருப்பைப் பார்த்தால் நடை தெரியும்

செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் பழைய செருப்பைக் கொடுத்தால், அதைப் போட்டவர் எப்படி நடப்பார் என்று சொல்லிவிடுவார். குதிகாலின் ஓரம் தேய்ந்திருந்தால் ஒருவகை நடை. பெருவிரல் பக்கம் தேய்ந்திருந்தால் வேறுவகை நடை. காருக்கு டயர்தான் செருப்பு.

டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்றுக் குறைவாக ஓடிய வண்டி. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்றை அளவுக்கு மேல் அடித்திருக்கிறார்கள். இவை இரண்டுக்கும் அலைன்மென்ட் தேவையில்லை. காற்றைச் சரியாக வைத்தால் போதும்.

ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்தான் சக்கரத்தின் நிலையைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு சோதனை உண்டு. வண்டி நிற்கும்போது டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவிப் பார்க்க வேண்டும். குளச்சல் கடற்கரையில் மீன் வாங்குகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பு. வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் குத்தும். டயரும் அப்படி ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சுரசுரப்பாகவும் இருந்தால், அந்தச் சக்கரம் உருளவில்லை. குறுக்கே தேய்ந்துகொண்டு போகிறது என்று பொருள். கையில் வெட்டாமல் மெதுவாகத் தடவ வேண்டும். தேய்ந்த டயரில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

மூன்று கோணங்கள்

அலைன்மென்ட் என்பது பெரிய வித்தை அல்ல. மூன்று கோணங்களைச் சரிபார்ப்பதுதான். மெக்கானிக்குகள் அவற்றை டோ, கேம்பர், காஸ்டர் என்று சொல்கிறார்கள்.

ஒருவர் நிற்பதை மேலிருந்து பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பக்கமும் உள்நோக்கித் திரும்பியிருக்கலாம், வெளிநோக்கி விரிந்திருக்கலாம், நேராகவும் இருக்கலாம். காரின் முன் சக்கரங்களும் அப்படியே. இதுதான் டோ. டயரை அதிகமாகத் தின்பது இந்தக் கோணமே.

அதே மனிதரை எதிரில் நின்று பாருங்கள். கால்கள் செங்குத்தாக இருக்கலாம். சிலருக்கு முழங்கால் உள்ளே ஒட்டியிருக்கும். சிலருக்கு வில்போல் வளைந்திருக்கும். சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்பதுதான் கேம்பர். சாய்வு அதிகமானால் சாய்ந்த பக்கத்து ஓரம் தேயும்.

மூன்றாவது காஸ்டர். இதற்குச் சைக்கிளைப் பார்த்தால் போதும். ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் முன் ஃபோர்க் செங்குத்தாக இருக்காது, சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வும் சேர்ந்துதான் பையன்கள் இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்ட முடிகிறது. (ஓட்டுவது சரி என்று சொல்லவில்லை!) காரிலும் அப்படி ஒரு சாய்வு உண்டு. வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் இந்தச் சாய்வு ஒத்துப் போகாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எந்தக் காருக்கு எவ்வளவு கோணம் என்பதைக் காரைச் செய்த கம்பெனியே நிர்ணயித்திருக்கிறது. ஒரு காரின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தேரும் காரும்

சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலை தெரியும். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அச்சு திரும்பாது. சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்து, ஒரு பக்கத்தைத் தடுத்து, மறு பக்கத்தை நகரவிட்டுத்தான் திருப்புகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. பிரேக் வந்த பிறகும் வீதி முனையில் திரும்ப முட்டுக்கட்டை வேண்டியிருக்கிறது.

குதிரை வண்டிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். ஜெர்மனியில் மூனிக் நகரைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர், முன் சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியாகத் திருப்பும் அமைப்பைக் கண்டுபிடித்தார். அவருக்காக 1818-ம் ஆண்டு இங்கிலாந்தில் அதைப் பதிவு செய்தவர் ருடால்ப் ஆக்கர்மான். இன்றைய கார்களின் ஸ்டீயரிங்குக்கு அதுவே மூலம்.

அதன் நுட்பம் இதுதான். கோயில் பிராகாரத்தை இருவர் கைகோத்துச் சுற்றினால், உள்பக்கம் நடப்பவர் சிறிய வட்டத்தில் நடப்பார். வெளிப்பக்கம் நடப்பவர் பெரிய வட்டத்தில் நடப்பார். வளைவில் காரும் அப்படித்தான். உள்பக்கச் சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகத் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் சக்கரத்தை இணைக்கும் கம்பிகளின் நீளத்தில் அடங்கியிருக்கிறது. அந்தக் கம்பிக்கு டை ராடு என்று பெயர். ஒரு பள்ளத்தில் விழுந்து அது சற்று வளைந்தாலும் கணக்குத் தப்பிவிடும். அப்புறம் சக்கரமே தனக்குத்தானே முட்டுக்கட்டை!

இருபது கிலோமீட்டர் தேய்ப்பு

"மூன்று மில்லிமீட்டர்தானே மாறியிருக்கிறது, பரவாயில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

14 அங்குலச் சக்கரம். நேராக இருக்க வேண்டிய இரண்டு முன் சக்கரங்களுக்கு நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிட 3 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். கோணத்தில் பார்த்தால் கால் டிகிரிகூட இல்லை.

ஆனால் கணக்குப்படி, ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு சக்கரமும் 4 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறுக்கே தேய்க்கப்படுகிறது. மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் 80 மீட்டருக்கு மேல் தேய்ப்பு. 5,000 கிலோமீட்டர் ஓடினால் 21 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. அதாவது, மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோவில் வரை அந்த டயரைக் குறுக்காகப் போட்டுத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம்!

இந்த மாவட்டத்து மக்களுக்கு ரப்பரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கீரிப்பாறை மலைப் பக்கம் விடியும் முன்பே எழுந்து, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகப் பால் வெட்டுகிறார்கள். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகம் இங்கேதான் இருக்கிறது. சென்னைத் திருவொற்றியூரில் 1946-ல் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1961-ல் டயர் தொழிலில் இறங்கியது. மரத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்த பால் டயராகி வருகிறது. அதைக் கவனக்குறைவால் ரோட்டில் தேய்த்து வீணாக்குவது தகுமா?

பணம் மட்டும் அல்ல. பட்டன் 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேய்ந்தால் டயரை மாற்ற வேண்டும் என்பதற்கு டயரிலேயே சிறு திட்டுகள் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். ஒரு ஓரம் அந்த அளவுக்கும் கீழே போய்விட்டால், மழைத் தண்ணீரை வெளியே தள்ள அங்கே வழி இல்லை. பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். இன்னும் தேய்ந்தால் உள்ளே இருக்கும் கம்பி தெரியும். வெயில் நேரத்தில் ஆள் ஏற்றிய வண்டி நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது அந்த டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. குமரி மாவட்டமோ தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறும் மாவட்டம். இங்கே நனைந்த ரோட்டுக்குப் பஞ்சம் இல்லை. பள்ளத்துக்கும் பஞ்சம் இல்லை.

பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்குப் பின் ரோட்டில் விழுந்த பள்ளத்தை மாதக்கணக்கில் மூடாமல் விடுவது, அந்த வழியே போகும் ஒவ்வொருவரிடமும் மறைமுகமாக வரி வாங்குவதற்கு ஒப்பாகும். பள்ளத்தை அடைக்க ஆகும் செலவு ஒரு முறை. பள்ளத்தில் விழுந்து கோணிய சக்கரங்களின் செலவு ஊருக்கெல்லாம்.

கம்ப்யூட்டர் இருந்தால் மட்டும் போதாது

முன்பெல்லாம் அம்பாசிடர் காருக்கு நூல் கட்டி, டேப் பிடித்து அளந்தார்கள். இன்று சக்கரத்தில் கருவிகளை மாட்டி, கம்ப்யூட்டர் திரையில் சிவப்பும் பச்சையுமாகக் காட்டுகிறார்கள். நூல் கட்டுவதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். உலகப் பெரிய பந்தயக் கார்களின் மெக்கானிக்குகளும் இன்றைக்கும் நூல் கட்டி அளக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று பலர் நம்புகிறார்கள். கருவியைக் கோணலாக மாட்டினால் அது கோணலாகத்தான் சொல்லும். வண்டி நிற்கும் மேடை சமமாக இல்லாவிட்டால் எல்லா அளவும் தப்பு. ஒரு டயரில் காற்றுக் குறைவாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். அந்த நிலையில் எடுக்கும் அளவும் தப்பு. டிக்கியில் ஒரு மூட்டை அரிசி கிடந்தாலும் கேடுதான்.

ஆகவே முறையாகச் செய்யும் கடைக்காரர் வண்டி வந்தவுடன் ஸ்பேனரை எடுக்க மாட்டார். முதலில் நான்கு டயரிலும் காற்றுப் பார்ப்பார். டயர்களின் தேய்மானத்தைப் பார்ப்பார். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார். இந்தச் சோதனையைக் கார் வைத்திருப்பவரும் கூட நின்று பார்க்கலாம். சக்கரத்தை இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராடு முனை தேய்ந்திருக்கலாம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங்கோ பால் ஜாயின்டோ போயிருக்கலாம்.

"டை ராடு முனை போய்விட்டது, அண்ணாச்சி. இதை மாற்றாமல் அலைன்மென்ட் பார்த்துப் பிரயோஜனம் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால், பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்று உடனே நினைக்கக் கூடாது. ஆட்டிக் காட்டச் சொல்லலாம். ஆடினால் அவர் சொல்வது உண்மை. ஆடும் பல்லுக்கு மேல் தங்க முலாம் பூசி என்ன பயன்? எதையும் பார்க்காமல் பத்து நிமிஷத்தில் "எல்லாம் பச்சை" என்று அனுப்புகிறவரிடம்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்று. டை ராடில் இருக்கும் பூட்டு நட்டு துருப்பிடித்து இறுகிவிடும். இரண்டு பக்கத்து நட்டையும் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பித்தான் டோவைச் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்க நட்டு அசையவில்லை என்றால், சிலர் மறுபக்கத்தை மட்டும் திருப்பிக் கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். சக்கரம் இரண்டும் ஒத்துப் போகும். ஆனால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்!

அதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கையே கழற்றி நேராக மாட்டிவிடுவது. இது தவறு. உள்ளே இருக்கும் பல்சட்டம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியே இருக்கும். வண்டி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். புதுக் கார்களில் ஸ்டீயரிங்கின் கோணத்தைப் பார்த்துச் சொல்லும் மின்கருவி இருக்கிறது, அதுவும் குழம்பும். துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு, பொறுத்திருந்து கழற்றுவதே முறை. அரை மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டும்.

இன்னொன்று. பல சிறிய கார்களில் கடைக்காரர் திருப்பிச் சரிசெய்யக்கூடியது முன் சக்கரத்தின் டோ மட்டுமே. கேம்பரையும் காஸ்டரையும் மாற்ற அவற்றில் வசதி வைக்கவில்லை. பின் சக்கரங்களுக்கும் அப்படியே. அந்த அளவுகள் தப்பியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல், ஹைட்ராலிக் ஜாக்கி கொடுத்து இரும்பை வளைத்து நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் பச்சை வரும். ஆனால் ஒரு முறை வளைந்த இரும்பை மறுபடி வளைத்தால் அது பலம் இழக்கும். குடும்பமே உட்கார்ந்து போகிற வண்டியில் இந்த வேலை வேண்டாம்.

இதுவும் அதுவும் ஒன்றல்ல

அலைன்மென்ட்டையும் பேலன்சிங்கையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஓரிடத்தில் இரண்டுக்கும் சேர்த்துப் பில் போடுவதால் வந்த குழப்பம் இது.

குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியவுடன் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று நடுங்குகிறதா? சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது. விளிம்பில் சிறிய எடைகளை வைத்துச் சரிசெய்வார்கள். அது பேலன்சிங். ஸ்டீயரிங் கோணல், ஒரு பக்கம் இழுப்பு, ஒரு ஓரத் தேய்மானம் என்றால் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும்.

இழுப்பு எல்லாமே அலைன்மென்ட் கோளாறும் அல்ல. மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் வண்டி மெல்ல இடப்பக்கம் சரிவது இயல்பு. ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுக்கும். டயரிலேயே குறை இருந்தாலும் இழுக்கும். இதை அறிய எளிய வழி, முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். (ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இப்படி மாற்றக் கூடாது.)

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது? பொதுவாக 5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார்கள். வாடகைக் கார்களுக்கு 5,000 நல்லது. புது டயர் போட்டாலும், டை ராடோ ஷாக் அப்சார்பரோ மாற்றினாலும், பெரிய பள்ளத்தில் தடால் என்று விழுந்தாலும் கணக்குப் பார்க்காமல் உடனே போக வேண்டும். வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தில் வாங்கிய கார் ஊரில் மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு. அப்படி நின்ற வண்டியை எடுக்கும்போது முதல் வேலையாகக் காற்றையும் டயரையும் பார்க்க வேண்டும்.

கொடைக்கு வண்டி எடுப்பவர்கள் கொடிஏற்றத்துக்கு முந்தின நாள் கடைக்கு ஓடினால் கூட்டத்தில் வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். ஒரு வாரம் முன்னதாகப் போவது நல்லது. சரிசெய்வதற்கு முந்தின அளவு, பிந்தின அளவு இரண்டும் உள்ள தாளைக் கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்பட வேண்டாம், அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து, சமமான ரோட்டில் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, பிடியைத் தளர்த்தினால் வண்டி விலகுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தாலும் மறுநாளே திரும்பிப் போய்க் கேட்கலாம். தொழில் தெரிந்த கடைக்காரர் மறுபடியும் மேடையில் ஏற்றிப் பார்ப்பார். அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்.